பேச்சு எழுத்தான கதை

கார்ப் பந்தயம் ஓட்ட இக்காலத்தில் கார் வேண்டுவதில்லை. மேசையில் பொருத்திய ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், எதிரே ஒரு திரை, இணையத் தொடர்பு ஆகியவை போதும். பல நாட்டு ஓட்டுநர்கள் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்டிக்கொண்டே மைக் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். "உன் இடப்பக்கம் வருகிறேன்", "வளைவுக்கு அப்பால் விபத்து, வேகத்தைக் குறை" என்பவை போன்ற எச்சரிக்கைகள் பறந்தவண்ணம் இருக்கும்.

அவர்களுள் ஒருவருக்குக் காது கேளாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை அவரை எட்டாது. நேரே போய் மோதுவார். மற்றவர்கள் ஏசுவார்கள். அந்த ஏச்சும் அவருக்குக் கேட்காது. தாம் செய்த பிழை என்ன என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பேச்சை அப்போதைக்கப்போதே எழுத்தாக்கித் திரையில் காட்டினால் இக்குறை தீரும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இச்செயலுக்கு விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டார்கள்.

தொலைபேசியும் காது கேளாதோரும்

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோருக்கு ஆசிரியராக இருந்தவர். அவருடைய தாயாருக்கும் மனைவிக்கும் காது கேளாது. ஆயினும் அவர் தந்த கருவி அவர்களைப் போன்றோருக்குப் பயன்படவில்லை. 1964இல்தான் ராபர்ட் வெயிட்பிரெக்ட் என்னும் இயற்பியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அவரும் காது கேளாதவரே. பழைய டெலிபிரிண்டர்களைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியை அவர் அமைத்தார். ஒருவர் இங்கே தட்டச்சு செய்தால் அங்கே எழுத்து பதிவாயிற்று. ஆனால் இரு முனைகளிலும் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். பேச்சைத் தானே கேட்டு எழுதும் பொறி வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒலியை அளந்தவர்கள்

"ஆ" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "ஈ" என்று சொல்லுங்கள். குரல் ஒன்றுதான், வாயின் வடிவம் மட்டுமே மாறுகிறது. அம்மாற்றத்தால் சில அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன. வயது வந்த ஆண் குரலில் "ஆ" ஒலிக்கு ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்சிலும், "ஈ" ஒலிக்கு ஏறத்தாழ 300, 2300 ஹெர்ட்சிலும் இந்த ஓங்கல் அமையும். இவற்றை அளந்தால் ஒலியை அடையாளம் காணலாம் அல்லவா?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1952இல் உருவான "ஆட்ரி" இம்முறையில்தான் இயங்கிற்று. சுழி முதல் ஒன்பது வரையுள்ள எண்களை அது அறிந்தது. ஆனால் ஒருவருடைய குரலுக்கென்று சீரமைத்தால்தான் நன்றாக வேலை செய்யும். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய "ஷூபாக்ஸ்" பதினாறு சொற்களைப் புரிந்துகொண்டது.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர்களுள் ஒருவர் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். ஆந்திராவின் காட்டூரில் பிறந்த ராஜ் ரெட்டிதான் அவர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர் 1976இல் முடித்த "ஹார்ப்பி" 1,011 சொற்களை அறிந்தது. அவருக்கு 1994இல் டூரிங் விருது கிடைத்தது.

ஊகம் செய்யும் பொறி

நம்மில் பலர் "மழை" என்பதையும் "மலை" என்பதையும் ஒன்றுபோலவே உச்சரிக்கிறோம். ஆயினும் "பெய்தது" என்று அடுத்த சொல் வந்தவுடன் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தச் சொல்லை எந்தச் சொல் தொடரும் என்னும் நிகழ்தகவைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் வழியை 1970களில் ஐ.பி.எம்.மில் பிரெட் ஜெலினெக்கும், கார்னகி மெலனில் ஜேம்ஸ் பேக்கரும் வகுத்தார்கள். 1997இல் வெளிவந்த "டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்" இடைவிடாமல் பேசினாலும் எழுதியது.

2010க்குப் பின் நரம்பு வலைகள் இடம்பிடித்தன. 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட "விஸ்பர்" 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. அது அறிந்த மொழிகளுள் தமிழும் ஒன்று.

இதற்கிடையே சட்டமும் வந்தது. 2010இல் அமெரிக்கா இயற்றிய தகவல்தொடர்புச் சட்டம் ஊனமுற்றோரும் உரையாடல் வசதிகளைப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்றது. வீடியோ ஆட்டங்களுக்குத் தரப்பட்டிருந்த விலக்கு 2018 டிசம்பர் 31உடன் முடிந்தது.

பந்தயத்துக்கு ஏற்ற அமைப்பு

ஆட்டத்திலேயே இவ்வசதி இல்லையானால் நாமே அமைத்துக்கொள்ளலாம். முதலில் எஞ்சின் இரைச்சலையும் பேச்சையும் பிரிக்க வேண்டும். இரண்டும் கலந்து சென்றால் பொறி தடுமாறும். ஆகவே பேச்சை மட்டும் தனி ஒலிவழியில் எழுத்தாக்கும் நிரலுக்கு அனுப்புகிறோம். அது தரும் எழுத்தைத் திரையின் மேற்பகுதியில், கண் பாதையை விட்டு விலகாத இடத்தில், பெரிதாகக் காட்டுகிறோம்.

எஞ்சிய சிக்கல் நேரம். மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 60 மீட்டர் ஓடுகிறது. எழுத்து இரண்டு நொடி தாமதித்தால் 120 மீட்டர் கடந்துபோகும். பெரிய நிரல் பிழை குறைவாக எழுதும். ஆனால் காலம் கடத்தும். சிறியது விரைந்து எழுதும், தவறும் செய்யும். பந்தயத்தில் விரைவையே முதலில் நாட வேண்டும். "விபத்து" என்ற ஒரு சொல் காலத்தோடு வந்தால் பயனுண்டு. முழு வாக்கியமானாலும் மோதிய பிறகு வந்து என்ன பயன்?

பதில் சொல்லவும் வழி வேண்டுமே! ஸ்டியரிங்கைப் பிடித்த கை தட்டச்சு செய்ய இயலாது. சில ஆட்டங்களில் முன்னரே எழுதிவைத்த வாக்கியங்களை ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களில் ஏற்றிவைக்கலாம். ஒன்றை அழுத்தினால் ஒரு செய்தி போய்ச் சேரும்.

இவ்வளவும் இருந்தும், நால்வர் ஒரே நேரத்தில் பேசினால் பொறி திணறத்தான் செய்கிறது. அதை மாற்ற விஞ்ஞானிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்களோடு ஓட்டுபவருக்குக் காது கேளாது என்று தெரிந்தால், ஒருவர் பின் ஒருவராக, பெயரை முதலில் சொல்லி, சுருக்கமாகப் பேசுங்கள். திரையில் எழுத்து தெளிவாக வரும். அவரும் உங்களோடு பந்தயத்தை முடிப்பார்.