பட்டும் பேரரசும்

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வாளின் வழியாகவே நாம் கற்று வந்திருக்கிறோம். நூலின் வழியாகவும் அதனைக் கற்கலாம். தறியோசை கேட்டு வளர்ந்த அம்மாபேட்டையார்க்கு இதனை மிகுதியாக விளக்க வேண்டுவதில்லை.

கி.பி. 330இல் கான்ஸ்டன்டைன் என்னும் உரோம மன்னன் பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைத் தலைநகராக்கினான். 476இல் மேற்கு உரோம ஆட்சி முடிந்தது. கிழக்கில் அது மேலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நின்றது. கிறித்தவம் தழுவி, கிரேக்கம் பேசிய அந்நாட்டைப் பிற்காலத்தார் பைசாந்தியம் என்றனர். அம்மக்களோ இறுதிவரை தம்மை உரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். சங்கப் பாடல்களில் யவனரைக் கண்டு மகிழும் நாம், அவர்தம் வழியினரின் பின்கதையைக் கேளாமலே விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

அப்பின்கதையில் நம் கடலுக்கும் பங்குண்டு. ஆறாம் நூற்றாண்டில் சீனப் பட்டு இலங்கைத் துறைகளுக்கு வந்ததை, வணிகராயிருந்து துறவியான காஸ்மாஸ் எழுதியுள்ளார். இந்தியத் துறைகளில் பாரசீக வணிகர் முந்திக்கொண்டு சரக்கு முழுவதையும் வாங்கிவிடுவர் என்கிறார் பிரோகோபியஸ். பகைவரான பாரசீகரிடமே பட்டு வாங்கவேண்டிய நிலை ஜஸ்டினியனை (527–565) வருத்தியது. எத்தியோப்பியரை இடையில் நிறுத்திப் பார்த்தான், பலிக்கவில்லை. ஏறத்தாழ 552இல், இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் துறவியர் சிலர் பட்டுப்புழுவின் முட்டைகளைக் கொணர்ந்து தந்தனர். சாணத்தின் வெம்மையில் அவை பொரிந்தனவாம். முட்டை வந்தது கைத்தடியின் உட்புழையில் என்பார் வேறொருவர். எதுவாயினும், ஒரு படையெடுப்பு தராத வளத்தை அம்முட்டைகள் தந்தன.

அரண்மனைத் தறிகளில் நெய்த ஊதாப் பட்டு அரசனுக்கே உரியதாயிற்று. பத்தாம் நூற்றாண்டு வணிகச் சட்டம் கடுமையானது. நெசவுத் தொழிலாளியை வெளிநாட்டாருக்கு விற்றவனின் கை வெட்டப்படும். துணியைவிடத் துணி நெய்யும் கையே அரசின் செல்வம் என்று அச்சட்டம் எழுதியவன் அறிந்திருந்தான். (அக்கை அடிமையின் கையாகவும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.) 968இல் தூதுவராக வந்த லியுத்பிராண்ட் என்னும் ஆயர் வாங்கிய ஐந்து ஊதாத் துணிகளை அதிகாரிகள் பறித்துக்கொண்டனர். வெனிஸ் வணிகர் இவற்றை எங்கள் ஊரிலேயே விற்கின்றனரே என்று அவர் சினந்து கூறினார். காவல் எங்கே ஓட்டையாயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இரண்டாம் பாசிலின் (976–1025) காலத்தில் பேரரசு உச்சம் கண்டது. சரிவு விரைவாகவே வந்தது. 1071இல் மன்சிகெர்ட் போரில் துருக்கியரிடம் தோற்றது. ஆயினும் அத்தோல்வியினும் கொடியதென நான் கருதுவது 1082ஆம் ஆண்டு ஆணையே. கடற்படை உதவிக்குக் கைம்மாறாக வெனிஸ் வணிகருக்குச் சுங்கம் முற்றும் நீக்கப்பட்டது. உள்நாட்டு வணிகன் வரி செலுத்த, அயலான் வரியின்றி விற்றான். 1147இல் சிசிலி மன்னன் ரோஜரின் படை தீப்சு நகரின் நெசவாளரைச் சிறைபிடித்துப் பலெர்மோவுக்குக் கொண்டுபோயிற்று. பொன்னோடு கைகளையும் கவர்ந்த படை அது. தீப்சின் தறிகள் அதன்பின்னும் ஓடின, தனியுரிமைதான் போயிற்று.

1204இல் சிலுவைப் போர்வீரரே அக்கிறித்தவ நகரைச் சூறையாடினர். வழிநடத்தியது வெனிஸ். 1261இல் நகர் மீண்டது, வளம் மீளவில்லை. 1343இல் அரச முடியின் மணிகள் முப்பதாயிரம் பொற்காசுக்கு அதே வெனிஸிடம் அடகு போயின. 1347இல் நடந்த முடிசூட்டு விழாவில் மணிகளின் இடத்தில் நிறக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. விருந்துக் கலங்கள் ஈயத்தாலும் மண்ணாலும் ஆனவை.

1453 மே 29 அன்று ஓட்டோமானியர் மதிலைக் கடந்தனர். இறுதி மன்னன் பதினோராம் கான்ஸ்டன்டைன், அரச அடையாளங்களைக் களைந்தெறிந்துவிட்டுப் படைவீரரோடு வீரராய்ப் போருள் புகுந்தான் என்று கதை சொல்லும்.