ஓரி வீழ்த்திய ஐந்து

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லாமே ‘நாடு’தான். அதில் ஒன்றான குண்டனி நாட்டில் போன மாசியில் ஒரு பகல் முழுக்க நடந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த கிறுகிறுப்பு அடங்கவே ஒரு மணி நேரம் ஆனது. ஃபோனில் ஐந்து பெயர்களைக் குறித்து வைத்திருந்தேன்: யானை, புலி, மான், பன்றி, உடும்பு.

பட்டியல் வன்பரணர் போட்டது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு இந்த ஐந்தையும் வரிசையாகத் துளைத்து, கடைசியில் புற்றில் கிடக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. ஸ்கூலில் வீரம் என்று படித்தோம். இப்போது எனக்கு அது வனவிலங்குக் கணக்கெடுப்பு மாதிரித் தெரிகிறது. அம்பு மிகையாகவே இருக்கட்டும். ஒரே காட்டில் இந்த ஐந்தும் இருக்கும் என்பது கேட்டவர்களுக்கு உறுத்தவில்லையே.

கூட வந்த ஊர்ப் பெரியவரிடம் யானையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “எங்க தாத்தாவே பார்த்ததில்ல தம்பி.” புலியும் இன்று இங்கே கிடையாது. மான் அன்று கண்ணில் படவில்லை.

வழி நெடுக இருந்தது குச்சிக்கிழங்குக் காடு. அதாவது மரவள்ளி, தென் அமெரிக்கச் செடி. இது மலையேறி வந்ததில் ஒரு உலகப் போருக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலேயா, ஜாவா பக்கமிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அடிவாரத்தில் சேகோ ஃபேக்டரிகள் பெருகின. பிறகு சாமையும் கேழ்வரகும் விளைந்த மலைச்சரிவுகளுக்கும் கிழங்கு ஏறியது. சாமையின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கிழங்கைப் பிடுங்கினால் மண் புரளும். அடுத்த மழையில் சரிவோடு இறங்கிப் போகும்.

இதற்காக மலைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமையை உரலில் குத்தியெடுத்தது பெண்கள். அது இடுப்பொடிக்கிற வேலை. கிழங்கு லாரியில் ஏறினால் கையில் காசு. நானாக இருந்தாலும் கிழங்குதான் போட்டிருப்பேன்.

மலையுச்சிகளின் கதை வேறு. கொல்லிமலை பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பொதுநல வழக்குக்குப் பிறகு 2008-இல் தோண்டுவது நின்றது. பாக்சைட் மண் துளைகள் நிறைந்தது. மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றுக்கு விடும். அதை வெட்டி எடுத்த இடத்தில் மரம் வைக்கலாம், அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பக் கட்ட முடியாது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கிழங்குக் காட்டின் ஓரம் புதுசாகக் கிளறிக் கிடந்தது. “ராத்திரி பன்னி வந்திருக்கு” என்றார் பெரியவர். அவர் குரலில் எரிச்சல், எனக்கோ சந்தோஷம். பயிர் என்னுடையது இல்லையே!

திரும்பும்போது பாதையோரப் புற்றருகே சருகு சரசரத்தது. கையளவு தலை, நீண்ட வால். உடும்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இதைப் பிடித்தால் சிறை. “சின்ன வயசுல தின்னுருக்கோம்” என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி. பக்கத்தில் உடைந்த பீர் பாட்டில். அருவிக்கு வந்த யாரோ போட்டது. உடும்பு நாக்கை நீட்டி அந்தக் கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் புற்றுக்குள் போனது.

பெரியவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைத் துண்டில் பொறுக்கிக் கட்டினார். “ஆடு மேயற எடம்” என்றார்.