முதற் பாடம்: வளர்ந்தோர்க்கு ஆங்கிலப் பேச்சுக் கற்பித்தலின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

வேற்றுமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு ஆசிரியர் இடும் முதற் பாடம் பார்வைக்கு எளியது. பத்துச் சொற்கள், ஐந்தாறு வாக்கியங்கள், சிறியதோர் உரையாடல், அவ்வளவே. எனினும், அதனை வகுத்தவர் தம் எதிரே அமர்ந்திருப்பவரை யாரெனக் கருதினார் என்பதை அவ்வொரு பக்கமே காட்டிவிடும். கற்போர் குழந்தைகளாயின் இப்பிரச்சினை அத்துணை கடுமையானதன்று. அவர்க்குக் காலம் உண்டு. தவறு செய்ய அவர்கள் நாணுவதுமில்லை. வளர்ந்தோர் நிலை வேறு. பகலெல்லாம் உழைத்துக் களைத்து, தாய்மொழியிலே உலகியலறிவு முழுவதும் உடையவராயிருந்தும், புதுமொழியிலே வாய்திறக்கக் கூசி அவர்கள் வகுப்பறைக்கு வருகின்றனர். அவர்க்கு ஆங்கிலப் பேச்சினை எங்ஙனம் தொடக்கி வைப்பது என்னும் வினாவுக்கு நானூறு ஆண்டுகளில் அளிக்கப்பட்ட விடைகளுட் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகதிகளின் உரையாடல் நூல்

1572 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே பாரிசில் தொடங்கிய சென் பார்த்தலோமியூ படுகொலையின் பின்னர், பிரான்சின் புரட்டஸ்தாந்தர் பலர் கடல் கடந்து இங்கிலாந்திலே தஞ்சம் புகுந்தனர். நெசவாளரும் கைவினைஞரும் வணிகருமாகிய இவர்கட்குத் தொழில் தெரியும், ஊர்மொழி தெரியாது. இவர்களை மனங்கொண்டு, தாமும் அவ்வாறு வந்து சேர்ந்தவரான ஜாக் பெல்லோ என்பவர் 1580 இல் ஆங்கிலம் கற்பிக்கும் நூல் ஒன்றையும், 1586 இல் 'பழகிய உரையாடல்கள்' எனப் பொருள்படும் தலைப்பினையுடைய சிறுநூல் ஒன்றையும் இலண்டனில் வெளியிட்டார்.

பின்னைய நூலின் அமைப்பு இன்றும் வியக்கத்தக்கது. இலக்கண விதிகளோடு அது தொடங்கவில்லை. காலையில் துயிலெழுதல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மீன் விற்போனிடமும் இறைச்சி விற்போனிடமும் துணி வணிகனிடமும் விலை பேசுதல், விருந்தினரோடு உணவருந்துதல் என ஒரு நாளின் போக்கிலேயே அதன் உரையாடல்கள் தொடர்கின்றன. ஆங்கில வாக்கியம், அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, பிரெஞ்சுக்காரர் வாசித்தாற் சரியான ஒலி பிறக்குமாறு எழுதப்பட்ட உச்சரிப்பு வடிவம் ஆகிய மூன்றும் அருகருகே அச்சிடப்பட்டன. ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள பொருத்தமின்மை கற்போரை எத்துணை இடர்ப்படுத்தும் என்பதைப் பெல்லோ நன்கு உணர்ந்திருந்தார். காலையிலே கற்ற வாக்கியம் மாலையிலே சந்தையிற் பயன்பட்டது. மொழி கற்பித்தற் கோட்பாடு எதுவும் எழுந்திராத ஒரு காலத்திலே, கற்போரின் தேவையே பாடத்தின் ஒழுங்கினைத் தீர்மானித்தது எனலாம்.

நாவை மறந்த நூற்றாண்டும் அதன் எதிர்வினையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பியப் பள்ளிகளிலே நிலைபெற்ற இலக்கண மொழிபெயர்ப்பு முறை இவ்வுணர்வை இழந்தது. இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப்பட்டவாறே வாழும் மொழிகளும் கற்பிக்கப்பட்டன. அம்முறையின் வறுமையைத் தம் வாழ்விலேயே அனுபவித்தவர் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா கூவான். யேர்மன் மொழி கற்க ஹம்பேர்க் சென்ற அவர், இலக்கண நூலை மனனஞ் செய்தார். ஒழுங்கில் வினைகள் அனைத்தையும் மனனஞ் செய்தார். ஈற்றில் அகராதியையே மனனஞ் செய்தார். எனினும் விரிவுரை மண்டபத்திலே ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. தோல்வியுற்று ஊர் திரும்பியவர், மூன்று வயதுடைய உறவுக் குழந்தையொன்று மாவாலையைப் பார்த்து வந்து, அங்கு கண்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டியவாறே பேசுவதைக் கண்டார். செயலின் ஒழுங்கே மொழியின் ஒழுங்கு என்ற முடிபுக்கு வந்தார். கதவை நோக்கி நடத்தல், கதவை அணுகல், கைப்பிடியைப் பற்றல், திறத்தல் எனச் செயற்றொடர்களாகப் பாடங்களை அமைக்கும் முறையினை 1880 இல் அவர் வெளியிட்ட நூல் முன்வைத்தது.

இதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1878 இல், ஐக்கிய அமெரிக்காவின் புறொவிடன்ஸ் நகரிலே மக்சிமிலியன் பேர்லிற்ஸ் தமது மொழிப்பள்ளியை நிறுவியிருந்தார். தாம் நோயுற்றிருந்த வேளையில், ஆங்கிலம் அறியாத பிரெஞ்சு உதவியாசிரியர் சைகையாலும் பொருள்களைச் சுட்டிக்காட்டியும் வகுப்பை நடத்தியதையும், மாணவர் விரைவாகப் பேசக் கற்றதையும் கண்டு அவர் தம் முறையை வகுத்தார் எனக் கூறப்படுகிறது. மொழிபெயர்ப்பை அறவே விலக்கிய இம்முறை, பயணிகள், வணிகர், அலுவலர் ஆகிய வளர்ந்தோரிடையே பெருவரவேற்புப் பெற்றது. ஐரிய எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் 1904 இலும் அதனையடுத்தும் போலாவிலும் திரியெஸ்ரிலும் இப்பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்பித்தார்.

இம்முறையின் சிறப்பு வெளிப்படையானது: முதல் நாளே கற்போர் பேசினர். அதன் குறையும் அங்கேயே இருந்தது. மேசையின்மீது புத்தகத்தை வைத்து, 'இது என்ன?' என வினவுவார் ஆசிரியர். 'இது புத்தகம்' என விடையிறுப்பார் வளர்ந்த ஒருவர். வினவியவருக்கும் விடை தெரியும், விடையிறுத்தவருக்கும் தெரியும். வாழ்க்கையிலே எவரும் எவரிடமும் கேளாத கேள்வி அது. பெல்லோவின் மாணவன் மீனின் விலையைக் கேட்டது விலை தெரியாமையாலேயே என்பதை இங்கு ஒப்புநோக்குதல் தகும்.

பாமரும் வெஸ்ற்றும்

பேர்லிற்ஸ் முறையிற் பயின்று, பின் அதனைக் கடந்தவர் ஹரோல்ட் பாமர். பெல்ஜியத்திலே ஆசிரியராயிருந்த அவர், 1914 இல் யேர்மனியப் படையெடுப்பினால் தாமே அகதியாகி இங்கிலாந்து மீண்டார். 1922 இல் யப்பான் சென்று, அடுத்த ஆண்டிலே தோக்கியோவில் ஆங்கில மொழி கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். பேசுவதற்குமுன் கேட்பதற்குக் காலம் அளித்தல் வேண்டும் என்பது அவர்தம் முக்கிய கருத்து. ஆணையைக் கேட்டுச் செயலால் விடையளித்த பின்னரே நாவால் விடையளிக்குமாறு அவர் தம் தொடக்கப் பாடங்களை அமைத்தார். வாய்திறக்கக் கூசும் வளர்ந்தோர்க்கு இம்மௌன காலம் பேருதவியாவது. நம் மாணவர் மேசைகளிலே காணப்படும் ஒக்ஸ்போட் உயர்நிலைக் கற்போர் அகராதியின் முதல்வடிவை 1942 இல் யப்பானிலே தொகுத்த ஹோண்பி, பாமரின் நிறுவனத்திலே பணியாற்றியவரே.

அதே காலத்தில் வங்காளத்தின் டாக்காவிலே பணியாற்றிய மைக்கல் வெஸ்ற் முற்றிலும் மாறான முடிபுக்கு வந்தார். தொடக்கநிலையிற் பேச்சினை விடுத்து வாசிப்பையே கற்பித்தல் வேண்டும் என்றார் அவர். இன்று நமக்கு அம்முடிபு உடன்பாடில்லாது போகலாம். அதற்கு அவர் கூறிய காரணம் ஆழமானது. காப்புறுதி செய்தவர் இடையிலே நிறுத்திவிடின், அதுவரை செலுத்தியதற்கென ஒரு தொகை அவர் கைக்கு வரும். அதுபோல, கல்வியை இடையில் விட்டுச் செல்வோர் கையிலே எஞ்சும் பயன் யாது என 1926 இல் வெளிவந்த தம் நூலில் வெஸ்ற் வினவினார். வளர்ந்தோர் வகுப்பு ஒன்றினைத் திட்டமிடுவோர் இவ்வினாவைச் சுவரிலே எழுதிவைத்தல் தகும். தொழில், நோய், குடும்பச் சுமை ஆகியன காரணமாக வளர்ந்தோர் என்றேனும் ஒருநாள் வராது விடுவர். நாற்பதாவது பாடத்திலே பயன் தருவதாக வாக்களித்து முதல் முப்பத்தொன்பது பாடங்களையும் வெறும் அடித்தளமாக்கும் திட்டம், இடையிற் செல்வோரை வெறுங்கையராய் அனுப்பும். ஒவ்வொரு பாடமும் தன்னளவிற் பயன் தருதல் வேண்டும்.

மீண்டும் தொடங்கிய இடத்திற்கு

இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்காவிலே ஓங்கிய செவி-வாய் முறை, வாக்கிய அமைப்புக்களை ஓயாது ஒப்புவிப்பதையே பேச்சுப் பயிற்சி எனக் கொண்டது. மொழி வெறும் பழக்கத் தொகுதி என்ற அதன் அடிப்படையை 1959 இல் நோம் சொம்ஸ்கி வன்மையாக மறுத்தார். 1971 இல் ஐரோப்பிய மன்றம் வளர்ந்தோரின் மொழிக்கல்விக்கெனவே ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதன் பயனாக 1975 இல் வான் எக் வகுத்த 'வாயிற்படி நிலை' என்னும் பாடவிதானம், இலக்கண வரிசையை விடுத்து, கற்போர் எவ்விடங்களிலே, எவரோடு, என்ன கருமத்துக்காகப் பேசவேண்டியுள்ளது என்ற வினாக்களோடு தொடங்கியது. விலை வினவுதல், மன்னிப்புக் கேட்டல், உதவி கோரல், மறுத்தல் என்பன பாடத்தின் அலகுகளாயின. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின் மொழியியலாளர் குழுவொன்று பெல்லோவின் மீன்கடைக்கே மீண்டு வந்தது எனின் அது மிகையன்று.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தஞ்சம் புகுந்த நம்மவர் பலர், நடுவயதிலே, பெல்லோவின் மாணவர் அமர்ந்த அதே வாங்கிலே அமர்ந்தனர். ஊரிலே பிறர்க்குக் கற்பித்த ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். இலங்கையிலேயோ, பல்கலைக்கழகக் கல்வி தாய்மொழிக்கு மாறிய பின், ஆங்கிலத்தை அச்சத்தோடு நோக்கும் தலைமுறைகள் உருவாகின. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று வழங்கியமை அவ்வச்சத்தின் ஆழத்தைக் காட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர் 22 பேரை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, மேலைநாட்டு நகர வாழ்வைச் சித்திரித்த அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களிலே அம்மாணவர் தம் சித்திரங்களையும் குறிப்புக்களையும் எழுதி வைத்திருந்தமையை வெளிப்படுத்தினார். வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. நூலின் நடுவிலே இடம்பெறாத அவர்தம் வாழ்வு அதன் ஓரத்திலே இடம்பிடித்துக்கொண்டது.

ஆகவே, வளர்ந்தோர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பாடம் வகுக்கப் புகுவோர் முறைகளைத் தேடுமுன் மாணவரின் ஒரு நாளைத் தேடுதல் வேண்டும். அவர் காலையிலே எவரைக் காண்கின்றார், எவ்விடத்திலே நா எழாது நிற்கின்றார், எச்சொல் இருந்திருப்பின் அன்று அவமானப்பட்டிரார் என்பவற்றை அறிந்தபின் எழுதப்படுவதே முதற் பாடம். அவ்வாறு எழுதப்படும் நூலின் ஓரங்கள் வெறுமையாகவே இருக்கும். மாணவரின் வாழ்வு பக்கத்தின் நடுவிலே இருக்கும்.