தயான் சந்தா, தன்ராஜ் பிள்ளையா?

ஹாக்கி பேச்சு எடுத்தாலே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவாங்க. "தயான் சந்துக்கு அப்புறம் ஒருத்தனும் பொறக்கல"ன்னு ஒரு கோஷ்டி. "அதெல்லாம் புல்தரை காலத்துக் கதை சார், இப்ப இருக்கிற வேகத்துல அவர் பந்தைத் தொடவே முடியாது"ன்னு இன்னொரு கோஷ்டி. ஆக்லாந்துல எங்க ஃப்ளாட்லயும் இதே கதைதான். கூட இருக்கிற பஞ்சாபிப் பையன் தயான் சந்த் கட்சி. நான் எந்தக் கட்சின்னு சொல்ல வேண்டியதில்ல, பிள்ளைன்னு முடியற பேரை விட்டுக்கொடுக்க மனசு வருமா :-)

(ஒரு விஷயம். கனடாக்காரனிடம் ஹாக்கின்னு சொன்னா பனி மேல சறுக்கி ஆடறதைத்தான் நினைப்பான். இங்க கிவிக்களுக்கு ஹாக்கின்னா நம்ம ஹாக்கிதான். நிம்மதி.)

இந்தச் சண்டையை நியூசிலாந்துல உக்காந்து போடறதுக்கு ஒரு பொருத்தமும் இருக்கு. தயான் சந்த் முதன்முதலா வெளிநாடு போய் ஆடினது இந்த ஊர்லதான். 1926-ல் இந்திய ராணுவ அணி கப்பலேறி இங்கே வந்தது. 21 ஆட்டம், 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அடிச்ச கோல் 192, வாங்கினது 24. அப்ப தயான் சந்துக்கு வயசு இருபது, வெறும் சிப்பாய். திரும்பிப் போனதும் லான்ஸ் நாயக் ஆக்கினாங்க. 1935-ல் மறுபடி வந்தார், இந்த தடவை கேப்டனா. அந்தப் பயணத்துல மொத்தம் 48 ஆட்டம், 584 கோல். அதுல 201 அவரோடது.

பஞ்சாபி நண்பர் இந்த 201-ஐத்தான் எப்பவும் தூக்கிட்டு வருவார். எனக்கு இதுல ஒரு நெருடல். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு கோல் கணக்குல போகுதுன்னா எதிர்ல நின்னவங்க எப்படி இருந்திருப்பாங்க? ஊருக்கு ஊர் உள்ளூர் அணிகளோட ஆடின ஆட்டங்களும் அதுல சேர்த்திதான். ஒலிம்பிக்கும் அப்படித்தான். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ்ல மொத்தமே மூணு அணிதான். அமெரிக்காவை நாம 24-1னு அடிச்சோம், ஜப்பான் அவங்களை 9-2னு அடிச்சது. ரெண்டு ஆட்டத்திலயும் தோத்த அமெரிக்காவுக்கு வெண்கலம்! நவீன ஹாக்கிக்கு விதி எழுதின பிரிட்டன் 1928, 1932, 1936 மூணு ஒலிம்பிக்கிலயும் ஹாக்கி அணியே அனுப்பல. 1948-ல் லண்டன்ல அவங்களை 4-0ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்கும்போது தயான் சந்த் அணியில் இல்ல. அந்த ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டது பல்பீர் சிங்.

அப்ப தயான் சந்த் சும்மாவா? அதுவும் இல்ல. எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்காம, பக்கத்துல ஆடினவங்களோட வெச்சுப் பாருங்க. 1928 ஆம்ஸ்டர்டாம்ல இந்தியா அஞ்சு ஆட்டத்துல 29 கோல், ஒண்ணு கூட வாங்கல. அந்த 29-ல் 14 இவரோடது. அதே எதிரணி, அதே மைதானம், அதே பந்து, கூட ஆடினவங்களும் அன்னிக்கு உலகத்துலயே சிறந்தவங்க. அவங்க நடுவுல ஒருத்தர் மட்டும் பாதி கோல் அடிக்கிறார்னா அதுக்கு எதிரணி பலவீனம்ங்கற காரணம் செல்லாது. 1935 பயணத்துல மூணுல ஒரு பங்கு கோல், அதுவும் தம்பி ரூப் சிங் பக்கத்துல இருக்கும்போது. ரூப் சிங் சாதாரண ஆள் இல்ல, அந்த 24-1 ஆட்டத்துல 10 கோல் அடிச்சவர். அண்ணன் 8 தான்.

பனி ஹாக்கிக்காரங்க இதைத்தான் செய்யறாங்க. வெய்ன் கிரெட்ஸ்கி 1981-82 சீசன்ல 92 கோல் அடிச்சார். ஆனா அந்தக் காலத்துல ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு அணியும் சேர்ந்து சராசரியா எட்டு கோல் விழும், பிற்காலத்துல ஆறைத் தாண்டறதே கஷ்டம். அதனால 2025 ஏப்ரல்ல ஓவெச்கின் 895-வது கோல் போட்டு கிரெட்ஸ்கியோட 894-ஐ முந்தினப்ப, காலத்துக்கு ஏத்த மாதிரி கணக்கைச் சரிபண்ணித்தான் பேசினாங்க. நம்ம ஹாக்கியில அப்படிச் சரிபண்ண முடியாது. ஏன்னா மாறினது கோல் சராசரி மட்டும் இல்ல, ஆட்டமே மாறிப்போச்சு.

தயான் சந்த் காலத்து ஆஃப்சைடு விதிப்படி, முன்னாடி போற ஆளுக்கும் கோலுக்கும் நடுவுல எதிரணி ஆட்கள் மூணு பேர் இருக்கணும். 1972-ல் அது ரெண்டு ஆச்சு. 1998-ல் ஆஃப்சைடே போச்சு. மாற்று ஆட்டக்காரர் கிடையாது, அடிபட்டாலும் எழுபது நிமிஷமும் நீயேதான் ஓடணும். இப்ப நினைச்சப்ப வெளிய வந்து மூச்சு வாங்கிட்டு திரும்பப் போகலாம். எல்லாத்துக்கும் மேல செயற்கைப் புல். ஒலிம்பிக்ல அது முதல்ல வந்தது 1976 மாண்ட்ரியல்ல. அதுவரைக்கும் பதக்கம் இல்லாம திரும்பாத இந்தியா ஏழாவது. தங்கம் யாருக்கு? நியூசிலாந்துக்கு! இறுதியில ஆஸ்திரேலியாவை 1-0ன்னு ஜெயிச்சாங்க, அடிச்சது டோனி இனெசன். அந்த அணியில ரமேஷ் படேல், மோகன் படேல்னு நம்ம வம்சாவளி ஆட்கள் ரெண்டு பேர். அரை நூற்றாண்டுக்கு முன்னாடி 192 கோல் வாங்கின நாடுங்க இது.

தன்ராஜ் பிள்ளை ஆட வந்தது இந்த மாற்றத்துக்கு அப்புறம், 1989-ல். 1968-ல் புனே பக்கத்துல கட்கியில, ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்புல ஒரு தமிழ்க் குடும்பத்துல பொறந்தவர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, 339 ஆட்டம், கிட்டத்தட்ட 170 கோல். ஒலிம்பிக் பதக்கம் ஒண்ணுகூட இல்ல. 1998 பாங்காக் ஆசியப் போட்டியில 32 வருஷத்துக்கு அப்புறம் தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன். அதுக்குப் பரிசா அடுத்த தொடர்லயே அவரையும் சில சீனியர்களையும் உக்கார வெச்சாங்க. படி, சம்பளம்னு கேள்வி கேட்டதுதான் குத்தம்னு ஊரே பேசிச்சு. 2000 சிட்னியில போலந்தோட ஜெயிச்சிருந்தா அரையிறுதி. 1-0ன்னு முன்னிலை, முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லாதப்ப கோல் வாங்கி டிரா.

என் வாதம் இங்கதான். தயான் சந்த் உலகத்துலயே சிறந்த அணியோட முன்வரிசையில நின்னார். தன்ராஜ் கீழ இறங்கிக்கிட்டிருந்த அணியை இழுத்துக்கிட்டு ஓடினார். அவரோட ஆட்டத்துல பாதி, வலது பக்கமா பந்தை எடுத்துக்கிட்டு ஓடி மூணு பேரை தன் பக்கம் இழுத்து, இன்னொருத்தனுக்கு வழி திறந்து விடறது. அது எந்த ஸ்கோர்ஷீட்லயும் ஏறாது. சோகைல் அப்பாஸ் 348 கோல் அடிச்சார், பெரும்பாலும் பெனால்டி கார்னர்ல. அந்தக் கார்னர் மாதிரியான கார்னரை வாங்கித் தர்றவன் பேரு எங்கயும் இருக்காது.

சரி, இவ்வளவு சொல்லிட்டு வரிசை சொல்லாம விட்டா அடிப்பீங்க. முதல் இடம் தயான் சந்த். கோல் எண்ணிக்கைக்காக இல்ல, அந்த 29-ல் பதினாலுக்காக. ரெண்டாவது பல்பீர் சிங். 1952 இறுதி ஆட்டத்துல நெதர்லாந்துக்கு எதிரா ஆறுல அஞ்சு கோல், ஒலிம்பிக் இறுதியில அதுக்கு மேல என்ன வேணும். மூணாவது தன்ராஜ். பஞ்சாபிக்கு முதல் ரெண்டும் கிடைச்சதுல ஏக சந்தோஷம். மூணாவதுக்கு மட்டும் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார். அவர் கேக்கறது ஒரே கேள்வி, "மெடல் எங்க?" பதக்கம் 2021-ல் டோக்கியோவுலயும் 2024-ல் பாரிஸ்லயும் வந்தது, ரெண்டும் வெண்கலம். தன்ராஜ் கடைசி ஒலிம்பிக் ஆடினது 2004-ல். 1999-2000க்கான கேல் ரத்னா அவருக்குக் கிடைச்சப்ப அது ராஜீவ் காந்தி பேர்ல இருந்தது. 2021-லேர்ந்து அந்த விருதுக்குப் பேரு மேஜர் தயான் சந்த் கேல் ரத்னா.