டினாமோ எண்ட பெயர்

1981 மே 13, டுசெல்டோர்ஃப். கதிரைகள் பெரும்பாலும் காலி. ஆட்டம் முடிய நாலு நிமிசம் இருக்கேக்க விட்டாலி தரசேலியா அடித்த கோலோடு, டினாமோ திபிலீசி கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனாவை 2-1 எண்டு வென்று, ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தைத் தூக்கியது. ஜோர்ஜியக் கழகமொன்று வென்ற ஒரேயொரு ஐரோப்பியக் கிண்ணம் அதுதான்.

அந்தக் கோலுக்காகத்தான் இந்தக் கழகத்தைப் பற்றித் தேடத் தொடங்கினோம். ஆனால் எங்களைப் பிடித்து இருத்தியது அதின்ர பெயர். 'டினாமோ' எண்டது சோவியத் இரகசியப் பொலிஸோடு ஒட்டிப் பிறந்த விளையாட்டுச் சங்கம். செம்படை ஜோர்ஜியாவைப் பிடித்தது 1921இல். திபிலீசியில் கழகம் வந்தது 1925இல். பிடித்தவனின் பெயரோடு விளையாடின பெடியங்களைத்தான் சனம் தங்கட பிள்ளைகள் எண்டு கொண்டாடியது. 1978 ஏப்ரலில் ஜோர்ஜிய மொழியின் அரசமொழித் தகுதியை அரசியலமைப்பிலிருந்து எடுக்கப் பார்க்க, மாணவர்கள் திபிலீசித் தெருவில் இறங்கினார்கள், மொஸ்கோ பின்வாங்கியது. அதே வருசம் டினாமோ சோவியத் லீக்கை வென்றது, 1964க்குப் பிறகு இரண்டாம் தடவையாக.

1990இல் ஜோர்ஜியக் கழகங்கள் சோவியத் லீக்கை விட்டு வெளியேறின. டினாமோவும் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு, பழைய இராச்சியமொன்றின் பெயரில் 'இபேரியா' ஆனது. சரியான வேலைதானே எண்டு நாங்களும் நினைத்தோம். ஆனால் 1992இல், சோவியத்தே இல்லாமல் போன பிறகு, திரும்பவும் 'டினாமோ'! அதுக்குள்ள அந்தச் சொல்லைக் கேட்டால் திபிலீசிச் சனத்துக்குப் பொலிஸை விட தரசேலியாதான் ஞாபகம் வந்திருப்பார். அவர் இதைப் பார்க்க இருக்கவில்லை. 1982 டிசம்பரில், 25 வயதில், கார் விபத்தில் போய்விட்டார்.