யந்திரம் விட்ட இடைவெளி

1785-ல் பிரான்சுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்ஸன், ஒனோரே ப்ளாங்க் என்ற துப்பாக்கிக் கொல்லரைப் பார்க்கப் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பொறிகள் பிரிக்கப்பட்டு, உறுப்புகள் வகைவாரியாகத் தடுப்புகளில் வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்து ஜெபர்ஸன் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். பிசகில்லாமல் பொருந்தின. ஊருக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஆச்சரியத்தை விவரமாகவே சொல்லியிருக்கிறார். அந்த நாளில் ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றுக்குச் சேராது. ஏதாவது உடைந்தால், அதே இடத்துக்கு அதே அளவில் ஒருவன் உட்கார்ந்து அராவிக் கொடுக்க வேண்டும். படை எங்கே போனாலும் அராவத் தெரிந்தவனைத் தேடவேண்டியிருந்தது. அந்தத் தேடலை ஒழித்துவிடலாம் என்பது ப்ளாங்கின் யோசனை. கொல்லர்களை வேண்டாதவர்களாக்கும் வழியைக் கண்டவர் ஒரு கொல்லர்.

ஏறக்குறைய 200 வருஷம் கழித்து ஜெபர்ஸனின் நாட்டில், தொழிற்சாலையிலிருந்து வந்த, ஒரு குறையும் இல்லாமல் சுடுகிற கைத்துப்பாக்கியை வைத்திருக்கிறவன், அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கொல்லனைத் தேடிப் போகிறான். துப்பாக்கியின் விலையைப்போல் பல மடங்கு கூலி தருகிறான். தன் முறை வர வருஷக் கணக்கில் காத்திருக்கிறான். எதற்காக? பணம் மிகுந்தவனின் பைத்தியம் என்று தள்ளிவிடலாம். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் பைத்தியத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

யந்திரத்துக்கு முந்திய கொல்லனிலிருந்து தொடங்குவோம். 1800-ஐ ஒட்டிய லண்டனில் ஜோசப் மாண்டன் பெயர் பெரிய பெயர். துவந்த யுத்தத்துக்கான ஜோடிக் கைத்துப்பாக்கிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் அவர் கடையில் செய்யப்பட்டன. பைரன் அங்கே இலக்குச் சுடப் போவதுண்டு. மாண்டனிடம் போகிற பிரபு எதைத் தேடிப் போனான்? குழலின் மேல் வெட்டியிருந்த அந்தப் பெயரை. வேலை செய்த கைகள் வேறு. அந்தக் கைகளில் ஜேம்ஸ் பர்டியும் தாமஸ் பாஸும் உண்டு. பிற்பாடு அவர்களே தனிக் கடை வைத்துப் பெயராக மாறினார்கள். மாண்டன் 1826-ல் திவாலானார். பெயர் ஆகாமலே போன கைகள் எத்தனையோ.

அந்தக் கைகள் என்ன செய்தன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேஜையில் புகைகிற ஒரு சிறு எண்ணெய் விளக்கு. ஓர் இரும்புத் துண்டை அதன் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார்கள். அது உட்காரவேண்டிய இன்னொரு துண்டோடு வைத்து அழுத்தி எடுப்பார்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் அரத்தால் ஒரு தீற்று. மறுபடி புகை, மறுபடி அழுத்தம், மறுபடி தீற்று. முகம் முழுவதும் சீராகக் கரி படியும்வரை இதே வேலை. அளவுகோல் கிடையாது. ஒரு துண்டுக்கு அளவு இன்னொரு துண்டுதான். லண்டனின் பழைய பட்டறைகளில் இந்த விளக்கு பின்னாலும் அணையவில்லை. நம் ஊரில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையனுக்கும் முதலில் கையில் தருவது அரம்தான். ஃபிட்டர் என்ற சொல்லுக்கே பொருத்துகிறவன் என்று அர்த்தம். சான்றிதழோடு அந்த அர்த்தம் மங்கிப்போகிறது.

இந்த இடத்தில் கைவினைஞனை நினைத்துக் கண்ணீர் விடுவது நம் வட்டாரங்களில் சம்பிரதாயம். ரஸ்கினும், 1909-ல் இந்தியக் கைவினைஞனைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆனந்த குமாரசாமியும் அதற்கு வேண்டிய வார்த்தைகளைத் தந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் சத்தியம் இல்லாமலில்லை. ஆனால் துப்பாக்கிப் பட்டறைக்கு அந்தப் பாஷை முழுக்கப் பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஹார்ப்பர்ஸ் பெரி அமெரிக்க அரசாங்கத்தின் துப்பாக்கிச் சாலை இருந்த ஊர். அங்கே 1830 ஜனவரியில், கட்டுப்பாட்டைக் கொண்டுவரப் புறப்பட்ட கண்காணிப்பாளர் தாமஸ் டன்னை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட எபனேசர் காக்ஸ் என்ற தொழிலாளி அலுவலகத்துக்குள் நுழைந்து சுட்டுக் கொன்றான். தூக்கில் தொங்கிய பிறகு சகத் தொழிலாளர்களிடையே அவன் ஒரு நாயகனாகவே இருந்தான். 1842-ல் கடிகார நேரப்படி வேலை என்ற விதி வந்தபோது, தொழிலாளர்கள் படகில் ஏறி வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி டைலரிடம் முறையிட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நமக்குத் தெரிந்த சாந்தமான, கடவுளுக்கு அர்ப்பணித்த கைவினைஞன் இவர்களில் இல்லை. தங்கள் நேரமும் திமிரும் பறிபோவதைப் பொறுக்காத மனிதர்கள் இருந்தார்கள்.

யந்திரத்தின் பக்கமும் பொய் உண்டு. 10,000 துப்பாக்கிகளுக்கு 1798-ல் ஒப்பந்தம் வாங்கிய எலை விட்னி, 1801-ல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டிப் புகழ் பெற்றார். இரண்டு வருஷத்தில் முடிய வேண்டிய வேலை 1809-ல்தான் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றின் உறுப்பு மற்றதில் சேரவில்லை. எது எதற்கு என்று அடையாளம் வேறு வெட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் யாரோ அராவித்தான் பொருத்தியிருக்கிறார்கள். உண்மையில் இதைச் சாதித்தவர் ஹார்ப்பர்ஸ் பெரியிலேயே தனிப் பட்டறை நடத்திய ஜான் ஹால். 1820-களின் நடுவில் அவருடைய துப்பாக்கிகளைக் குழு வைத்துச் சோதித்தார்கள். உறுப்புகள் மாறிச் சேர்ந்தன. விட்னி பள்ளிப் புத்தகத்தில் இடம் பிடித்தார். ஹாலை அந்தத் துறைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஹால் செய்தது என்ன? ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு அளவு என்பதை மாற்றி, இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு அளவுகோலை வைத்தார். ஒவ்வொரு உறுப்பும் அந்த அளவுகோலுக்கு ஒத்துவந்தால் போதும். தன் அண்டை உறுப்பைப் பார்த்திருக்கவே வேண்டாம். ஆனால் எந்த யந்திரமும் எப்போதும் ஒரே அளவில் வெட்டாது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். பெரிதாக விழுந்த துண்டு, சிறிதாக விழுந்த ஓட்டையிலும் நுழைய வேண்டும் என்றால், எல்லாவற்றுக்கும் நடுவில் முன்கூட்டியே ஒரு இடைவெளி விட்டாக வேண்டும். எதுவும் எதோடும் சேர்வதற்குக் கொடுக்கிற விலை, எதுவும் எதோடும் இறுகச் சேராமலிருப்பது.

இந்த விலையைத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது ஜான் பிரவுனிங் உருவாக்கி, கோல்ட் கம்பெனி செய்த 1911-ஆம் வருஷத்து ராணுவக் கைத்துப்பாக்கி. அதன் பிறப்பில் அழகு ஒன்றுமில்லை. பிலிப்பைன்ஸில் எதிர்த்து வந்தவர்களைப் பழைய சிறு குண்டு நிறுத்தவில்லை என்ற புகாரின் பேரில், 1904-ல் சிகாகோ மாட்டுத் தொட்டியில் உயிருள்ள மாடுகளின் மேலும், வேறிடத்தில் மனிதப் பிணங்களின் மேலும் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலக் குண்டு வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். பின்னால் வரப்போகிற நுட்பங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. 1911 மார்ச் பரீட்சையில் பிரவுனிங்கின் துப்பாக்கி 6,000 முறை தவறில்லாமல் சுட்டது. சேறும் மணலும் அதை நிறுத்தாததற்கு ஒரு காரணம் அந்த இடைவெளிதான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அதைச் செய்தவர்களின் பட்டியல் வேடிக்கையானது. நம் தாலுகா கச்சேரிகளில் தட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டர்களின் ரெமிங்டன் ராண்ட் கம்பெனி சுமார் 9 லட்சம் செய்தது. ரயில்வே கைகாட்டிகள் செய்கிற கம்பெனி ஒன்று செய்தது. தையல் யந்திரச் சிங்கர் 500 மட்டும் செய்துவிட்டு விலகிக்கொண்டது. டைப்ரைட்டர்க்காரன் செய்த ஸ்லைடு கைகாட்டிக்காரன் செய்த சட்டத்தில் உட்கார்ந்தது. பழுது பார்க்கும் சாலைகளில் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து மறுபடி பூட்டினார்கள். ப்ளாங்கின் கனவு இவ்வளவு முழுமையாக நிறைவேறியது வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். குலுக்கினால் அவற்றில் பல கலகலத்தன.

இந்தக் கலகலப்பு ஒஹையோ மாநிலத்துக் கேம்ப் பெரியில் செல்லவில்லை. அங்கே வருஷந்தோறும் நடக்கும் தேசியப் போட்டியில் ஒற்றைக் கையை நீட்டி, 50 கஜ தூரத்தில் காகித இலக்கைச் சுட வேண்டும். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். சட்டத்துக்கும் மேலே ஓடும் ஸ்லைடுக்கும் நடுவே, குழல் முனைக்கும் அதைப் பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கிற மயிரிழை ஆட்டம், 50 கஜத்தில் வளையத்துக்கு வெளியே போய்விடும். விரட்டப்பட்ட அரம் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. லூயிசியானாவில் ஜிம் கிளார்க், சான்பிரான்சிஸ்கோவில் பாப் சௌ, லாஸ் ஏஞ்சலஸில் பிராங்க் பாக்மயர், தென் கலிபோர்னியாவில் ஆர்மண்ட் ஸ்வென்சன். ராணுவத்தின் பழைய துப்பாக்கியையே அடிப்படையாக எடுத்து, சட்டத்தின் தண்டவாளத்தைத் தட்டி விரித்து, ஸ்லைடை இறுக்கி, சாயம் தடவி முட்டும் இடம் பார்த்து அராவி, இரண்டையும் எண்ணெய் மேல் வழுக்குகிற அளவுக்கு ஒன்றாக்கினார்கள். புகைக்கரியின் இடத்தில் நீலச்சாயம், அவ்வளவே வித்தியாசம். பிடியின் முன்புறம் வழுக்காமலிருக்க அங்குலத்துக்கு 20 கோடு வீதம் குறுக்கும் நெடுக்கும் அரத்தாலேயே வெட்டுவார்கள். ஒரு கோடு கோணினால் மறைக்க இடமில்லை.

இவர்கள் மாண்டனின் வாரிசுகள் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. மாண்டனின் ஆள் வெறும் இரும்பிலிருந்து தொடங்கினான். இவர்கள் யந்திரம் முடித்த இடத்தில் தொடங்கினார்கள். யந்திரம் தெரிந்தே விட்ட இடைவெளிதான் இவர்களுடைய வயல். அதை அடைத்து முடித்ததும் அந்தக் குழல் வேறெந்தத் துப்பாக்கிக்கும் உதவாது. ஜெபர்ஸன் கண்ட அதிசயத்தை நீக்கித் தரச் சொல்லித்தான் காசு கொடுக்கிறார்கள்.

இப்படிப்பட்டவனைக் கண்டுபிடிப்பது எப்படி? இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் சிரத்தை உண்டாக்கியது. பொருத்தம் வெளியே தெரியாது. பளபளப்பு தெரியும், ஆனால் பளபளப்பை எவனும் செய்வான். கேம்ப் பெரி காலத்தில் இதற்கு ஈரமில்லாத ஒரு விமர்சகன் இருந்தான்: காகிதம். சுட்ட ஓட்டைகளை எண்ணினால் போதும். மேலும் கொல்லர்களே சுடுகிறவர்கள். சௌ 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுட்டவர். கிளார்க் 1958-ல் தேசியச் சாம்பியன். தன் வேலையின் குறை முதலில் தன் கையிலேயே தெரிந்துவிடும் நிலைமை அது. செய்கிறவன், உபயோகிக்கிறவன், மதிப்பிடுகிறவன் ஒரே சிறு வட்டத்துக்குள் இருந்தார்கள். யாரிடம் போகலாம் என்பதற்குப் பக்கத்துத் தடத்தில் நிற்கிறவனைக் கேட்டால் போதும்.

1976-ல் ஜெப் கூப்பர் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். வேகமாகச் சுடும் போட்டிகளுக்கென்று சர்வதேச அமைப்பு ஒன்றும் அதே வருஷம் ஏற்பட்டது. வட்டம் பெருகிற்று. பத்திரிகைகள் வண்ணப் படம் போட்டன. படத்தைப் பார்த்துத் தேடி வந்தவனுக்கு 3.36 அங்குலம் ஒரு பொருட்டல்ல. அவன் அந்தத் துப்பாக்கியால் அவ்வளவு நன்றாகச் சுடப்போவதும் இல்லை. பெயர் வேண்டும், கோடுகள் கோணாமலிருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கப்படாமலே கைமாறுகிற துப்பாக்கிகள் வந்தன. மாண்டனின் பிரபு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான். கொல்லனின் திறமை குறைந்தது என்று சொல்லவரவில்லை, சில விஷயங்களில் ஏறக்கூட ஏறிற்று. அதை மறுத்துச் சொல்லக்கூடிய காகிதம் இல்லாமல் போனது என்பதே விஷயம்.

அரசாங்கமே தேடி அலைந்த கதையும் உண்டு. 1985-ல் அமெரிக்க ராணுவம் இந்தத் துப்பாக்கியைக் கைவிட்டு இத்தாலிய பெரெட்டாவை எடுத்துக்கொண்டது. அதே சமயத்தில், கடற்படைப் பிரிவான மரைன்களின் விசேஷக் குழுவுக்குப் பழையதுதான் வேண்டும் என்றாயிற்று. கிடங்கில் கிடந்த, 1945-க்குள் செய்யப்பட்ட சட்டங்களைப் பொறுக்கியெடுத்து, குவான்டிகோவில் பெயர் தெரியாத பட்டறைக்காரர்கள் ஒவ்வொன்றாக அராவிப் பூட்டினார்கள். கை அராவாமலே பூட்டுவதற்கென்று செய்த இரும்பின் மேல் சர்க்காரே அரம் வைத்தது. 2012-ல் கோல்ட் கம்பெனியோடு 12,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டபின் அந்த வேலை மறுபடி தொழிற்சாலைக்குப் போனது.

இப்போது கம்ப்யூட்டர் ஓட்டும் யந்திரங்கள், ஒரு காலத்தில் ஸ்வென்சன் நாள்கணக்கில் அராவிய இறுக்கத்துக்கு மிக நெருங்கி வெட்டித் தள்ளுகின்றன. ஆகவே அரம் இரண்டாம் முறையும் போய்விட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் துப்பாக்கி உறுப்புகள் விற்கிற கம்பெனிகளின் விலைப்பட்டியலில் ஒரு வகைக் குழல் இருக்கிறது. அது வேண்டுமென்றே, எல்லா இடத்திலும் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டது. வாங்கி வந்த நிலையில் அது எந்தத் துப்பாக்கியிலும் நுழையாது. சாதாரணக் குழலைவிட அதற்கு விலை அதிகம்.