பொத்தானால் உயரம் அளந்த வாத்தியார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த சீர்திருத்த அலையைப் பற்றிப் பேசினால் தியடோர் ரூஸ்வெல்ட், வுட்ரோ வில்சன் ஆகிய ஜனாதிபதிகளின் பெயர்களே முதலில் வரும். எனக்கு முன்னுக்கு வருபவர் லூயிஸ் ஹைன். நியூயோர்க்கில் படிப்பித்த ஒரு வாத்தியார். நானும் வெண்கட்டி பிடிக்கிற ஆள் என்பதாலோ என்னவோ, அந்தக் காலத்தை அவர் வழியாகப் பார்க்கவே மனம் போகிறது.

1900ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 10 முதல் 15 வயது வரையான சுமார் 17½ இலட்சம் பிள்ளைகள் அங்கே வேலைசெய்தனர். பென்சில்வேனியாச் சுரங்கங்களில் நிலக்கரிக்குள் கிடந்த கல்லைப் பொறுக்கினர். கரோலினா நூல் ஆலைகளில் அறுந்த இழையை முடிந்தனர். பல மாநிலங்களில் வயதுக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அது கடதாசியில்தான். பிள்ளைக்கு வயது கூட என்று சொன்னால் கதை முடிந்தது.

ஆகவே தேவைப்பட்டது சாட்சி. 1904இல் உருவான தேசிய சிறுவர் தொழிலாளர் குழுவுக்காக, 1908 முதல் ஹைன் கமராவுடன் புறப்பட்டார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். பைபிள் விற்பவர், தபாலட்டை வியாபாரி என்றெல்லாம் சொல்லி நுழைந்தார். தன் மேலங்கிப் பொத்தான்கள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். பிள்ளை எந்தப் பொத்தான் மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொண்டார்.

1912இல் சமஷ்டி அரசு சிறுவர் பணியகத்தை அமைத்தது. ஜூலியா லாத்ரொப் என்ற பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். 1916இல் சட்டம் வந்தது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தும் தொழிற்சாலையின் பொருட்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப அது தடைவிதித்தது.

அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் யார்? வடகரோலினாவில் ஒரு வாப்பா. ரோலண்ட் டகன்ஹார்ட்டின் இரண்டு மகன்மாரும் நூல் ஆலையில் வேலைசெய்தனர். ஒருவர் 14 வயதுக்கும் குறைந்தவர். அவர்களின் கூலியில் தனக்குள்ள உரிமையைச் சட்டம் பறிக்கிறது என்பது வாதம். வழக்குக்குப் பின்னால் நின்றவர்கள் தென்மாநில ஆலை முதலாளிமார். ஏழையின் பெயரில் பணக்காரன் வழக்காடினான். 1918இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தைத் தள்ளியது. உற்பத்தி மாநிலங்களின் விசயம், காங்கிரசுக்கு அதில் கைவைக்க அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. நீதியரசர் ஹோம்ஸ் மாற்றுக் கருத்து எழுதினார்.

வென்ற வழக்கால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? சில ஆண்டுகளின் பின் மூத்தவன் ரூபனைப் பத்திரிகையாளர் ஒருவர் சந்தித்தார். வளர்ந்த ஆளாகியும் 105 இறாத்தல் எடைதான், படிப்புமில்லை என்று அவனே வருந்தினான்.

1938இல் புதிய சட்டம் வந்தது. 1941இல் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே கைவிட்டது. அதைக் காண ஹைன் இல்லை. 1940இலேயே வறுமையில் மறைந்துவிட்டார். அப்போதும் வயல்வெளியில் உழைத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் சட்டத்துக்கு வெளியேதான் நின்றனர்.

வாப்பாவின் வறுமை பொய்யல்ல. அந்த வறுமைக்கு வழிசெய்யாத சீர்திருத்தம், எதிராளியின் கைக்கு ஆயுதம் கொடுத்துவிடுகிறது. இந்த வரலாற்றில் நான் படித்தது இதுதான். இன்னொன்றும் உண்டு. இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து வரவின்மை விழுந்தால், அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று தேடிப் பார்ப்பதும் வாத்தியாரின் வேலைதான்.